கால்சியம் குளோரைடைக் கரைக்கும்போது வாளித் தண்ணீர் கொதிக்கிறது: பாதுகாப்பாகக் கரைப்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பயிரிட்டிருக்கிறோம். காய்கள் எலுமிச்சை அளவுக்குப் பருத்து வரும் நேரத்தில், காம்புக்கு எதிர்ப்புறமாக, பூ உதிர்ந்த முனையில், நீர் கோத்தது போல ஒரு புள்ளி தோன்றுகிறது. அது நாளடைவில் விரிந்து, கருத்து, தோல் போலக் காய்ந்து உட்குழிகிறது. இது பூஞ்சாண நோய் அன்று, காய்க்குக் கால்சியம் போதாமையால் வருவது என்று உரக்கடையில் விளக்கி, கால்சியம் குளோரைடைக் கரைத்துத் தெளிக்கச் சொல்லி ஒரு மூட்டை கொடுத்தார்கள். எப்படிக் கரைப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எங்களிடம் நெடுங்காலமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர், யூரியாவைக் கரைக்கும் வழக்கப்படியே, பாதி வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று கிலோவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கையால் கலக்கப் போனார். அதற்குள் தண்ணீர் சுடத் தொடங்கி, ஆவி எழும்பி, வாளியின் பக்கச்சுவர் இளகி வளைந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டதால் அவருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்த மூட்டையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், பெயரிலேயே குளோரைடு இருப்பதால் எழுந்த ஆவி குளோரின் வாயுவாகத்தான் இருக்கும், அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்கிறார். அது உண்மையா? இந்தச் சூடு பொருளின் கோளாறா, அல்லது அதன் இயல்பா? இவ்வளவு சூடான பிறகு அந்தக் கரைசல் பயிருக்குப் பயன்படுமா? கலக்குகிறவருக்குத் தீங்கு வராமல் இதைக் கரைக்கும் முறையை அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். தெளிப்பு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். அவர்கள் கையிலும் கண்ணிலும் எதுவும் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்பதால்தான் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறேன்.


பதில் 1: வேதியியல் ஆசிரியர்

ஐயா, முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். எழுந்த ஆவி நீராவியே, குளோரின் அன்று. கால்சியம் குளோரைடு நீரில் கரையும்போது கால்சியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. சோற்றுப்பில் இருப்பதும் இதே குளோரைடுதான். வெறும் தண்ணீரில் கரைப்பதால் அதிலிருந்து குளோரின் வாயு வெளியேறாது. உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ப்ளீச்சிங் பவுடரை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அது கால்சியம் ஹைப்போகுளோரைட் உள்ள வேறு பொருள். அமிலம் பட்டால் குளோரினை வெளிவிடும் ஆபத்து அதற்குத்தான் உண்டு. இரண்டும் வெள்ளையாக இருப்பதாலும் பெயரில் ஒற்றுமை இருப்பதாலும், இவற்றை ஒரே அறையில் பெயர் எழுதாத பைகளில் வைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

சூடு இந்தப் பொருளின் இயல்பு. கால்சியம் அயனி நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி மிக வலுவாக ஈர்த்துக்கொள்ளும்போது வெளியாகும் ஆற்றல், படிகத்தைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலைவிட அதிகமாக இருப்பதால், மிச்சம் வெப்பமாக வெளிவருகிறது. யூரியா இதற்கு நேர்மாறானது: கரையும்போது தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வாளி சில்லென்று ஆகிவிடும். காலமெல்லாம் யூரியாவைக் கலக்கிப் பழகிய கை, வெள்ளை உப்பைக் கண்டதும் அதே குளிர்ச்சியை எதிர்பார்த்து வாளிக்குள் இறங்கியதில் வியப்பில்லை. இந்த வேறுபாட்டை அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டால், பிறகு வேறு எச்சரிக்கை அவருக்கு அதிகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எவ்வளவு சூடு என்பது, உங்கள் மூட்டையில் உள்ளது எந்த வகை என்பதைப் பொறுத்தது. நீரற்ற கால்சியம் குளோரைடு ஒரு மோல், அதாவது சுமார் 111 கிராம், நிறைய நீரில் கரையும்போது ஏறத்தாழ 81 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. ஏற்கெனவே இரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் டைஹைட்ரேட் வகையில் ஒரு மோல் சுமார் 147 கிராம். அதிலிருந்து வருவது ஏறத்தாழ 45 கிலோஜூல் மட்டுமே. ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட வகையோ கரையும்போது தண்ணீரைக் குளிரவைக்கும். அதைப் பனிக்கட்டியுடன் கலந்து உறைகலவை செய்வதும் உண்டு. ஆகவே ஒரே பெயருள்ள உப்பு, ஒரு கடையில் வாங்கியது கொதிக்கவும் இன்னொரு கடையில் வாங்கியது வெதுவெதுப்பாக நிற்கவும் கூடும். மூட்டையின் மேல் 94 அல்லது 97 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் நீரற்ற வகை, சிறு உருண்டைகளாக இருக்கும். 74 முதல் 80 சதவீதம் வரை என்றிருந்து, சீவல்களாக இருந்தால் டைஹைட்ரேட். கரைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் செய்தி இந்த எண்தான்.

கணக்காகப் பார்த்தால், நீரற்ற வகையில் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் வெப்பநிலை சுமார் 17 டிகிரி உயரும். டைஹைட்ரேட் என்றால் 7 டிகிரி அளவுக்கு. அதே ஒரு லிட்டரில் அரை கிலோ நீரற்ற வகையைக் கொட்டினால், தோட்டத்துத் தொட்டியில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் கொதிநிலைக்கு அருகே போய்விடும். உங்கள் பெரியவர் பாதி வாளியில் இரண்டு மூன்று கிலோ போட்டது ஏறக்குறைய இந்த விகிதம்தான். வாளி வளைந்ததற்கும் அதுவே காரணம். கொட்டிய பொருள் அடியில் குவிந்து கிடக்கும் இடத்தில், வாளியின் சராசரியைவிட வெப்பம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

இதிலிருந்து கரைக்கும் முறை தானாகவே விளங்கும். முதலில் தண்ணீர், அதன் மேல் உப்பு. ஒருபோதும் உப்பின் மேல் தண்ணீர் கூடாது. வாளியில் உப்பை நிரப்பிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், சிறிதளவு நீர் பெருமளவு உப்பைச் சந்திக்கிறது. படும் இடத்திலேயே நீர் கொதித்துத் தெறிக்கும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது சட்டியிலிருந்து தெறிக்குமே, ஏறக்குறைய அது போலத்தான். மேலும் மேற்பரப்பு ஈரமாகி ஓடு போல இறுகிவிடுவதால் உள்ளே இருப்பது கரையாமல் கல்லாகும். அதைக் குச்சியால் உடைக்கும்போது உள்ளே அடைபட்ட சூடான கரைசல் முகத்தில் தெறிக்க வாய்ப்புண்டு. தண்ணீர் இயல்பான வெப்பநிலையிலோ அதைவிடக் குளிர்ச்சியாகவோ இருக்கட்டும். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் எடுப்பது இந்த உப்புக்குத் தேவையே இல்லை. 20 டிகிரியில் 100 மில்லி நீரில் 70 கிராமுக்கு மேல் கரையக்கூடிய உப்பு இது. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கரண்டியால் சிறிது சிறிதாகத் தூவி, நீண்ட மரக்கோலால் கலக்கி, முன்பு போட்டது முழுதும் கரைந்தபின் அடுத்ததைப் போட வேண்டும். வாளியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஆறவிட வேண்டும்.

பாத்திரம் பற்றியும் ஒரு சொல். கெட்டியான பிளாஸ்டிக் வாளியோ டிரம்மோ போதும். தண்ணீர் பாட்டில்கள் வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கிவிடும், மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். தடித்த சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அலுமினியக் குண்டான், நாகம் பூசிய இரும்பு வாளி ஆகியவற்றைக் குளோரைடு அரித்துவிடும்.

சூடானதால் கரைசல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. ஆறியபின் அது அதே கால்சியம் குளோரைடுக் கரைசல்தான். ஆனால் அதில் எவ்வளவு உப்பு உள்ளது என்று உங்களுக்குத் தெரியாது. அளவு தெரியாத கரைசலைப் பயிருக்குத் தெளிக்க வேண்டாம்.


பதில் 2: ஐஸ் ஆலைத் தொழில்நுட்பர்

வணக்கம். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். ஐஸ் கேன்களை மூழ்கவைக்கும் தொட்டியில், பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உறையாத உப்புநீரை நாங்கள் பயன்படுத்துகிறோம். எங்கள் தொட்டிக்குக் கால்சியம் குளோரைடுதான். எனவே கிலோக்கணக்கில் இல்லை, மூட்டைக்கணக்கில் இதைக் கரைக்கிற வேலை எங்களுடையது. ஆசிரியர் ஐயா சொன்ன விதிகள் அனைத்தும் பெரிய தொட்டிக்கும் பொருந்தும். அவற்றோடு நடைமுறையில் கண்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மூட்டையை அவிழ்த்து நேராகத் தொட்டியில் கவிழ்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. துளையிட்ட பிளாஸ்டிக் கூடையில் உப்பை எடுத்து, அந்தக் கூடை நீரின் மேல்மட்டத்தில் பாதி மூழ்கியிருக்கும்படி குறுக்குச் சட்டத்தில் தொங்கவிடுவோம். கரைந்த உப்புநீர் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் கூடைத் துளைகள் வழியே இழைஇழையாகக் கீழே இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். அந்த இடத்தை நிரப்பப் புதிய நீர் பக்கவாட்டில் வந்துகொண்டே இருக்கும். கலக்காமலேயே கலக்கம் நடக்கிறது. சூடு ஒரே இடத்தில் தேங்குவதில்லை, அடியில் கட்டி இறுகுவதும் இல்லை. 200 லிட்டர் டிரம்மில் கரைக்கும் விவசாயிகளும் சிறிய காய்கறிக் கூடை ஒன்றை வைத்து இதைச் செய்யலாம். உப்பை அடியில் போட்டால் நடப்பது இதற்கு எதிர்: கனமான கரைசல் அடியிலேயே படுத்துக்கொள்ளும்; மேலே நிற்பது வெறும் தண்ணீராக இருக்கும். மேலே இருந்து மொண்டு தெளிக்கிறவருக்கு முதல் டேங்கில் சத்தே இருக்காது, கடைசி டேங்கில் பயிர் கருகும்.

அடுத்து, ஆட்களைப் பற்றி. இந்த உப்பால் எங்களிடம் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கொதிப்பதால் வருவன அல்ல, வியர்வையால் வருபவை. கிழிந்த மூட்டையைத் தோளில் தூக்குகிறவரின் கழுத்திலும் முதுகிலும் தூள் சிந்தி, அது வியர்வையில் கரைந்து, சூடும் எரிச்சலும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். கையுறைக்குள் ஒரு சிட்டிகை புகுந்துவிட்டாலும் அதே கதைதான். கையுறை போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் எரிச்சலைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தால் மாலையில் விரலிடுக்குகள் வெந்திருக்கும். நீளமான ரப்பர் கையுறை போட்டு, சட்டைக் கையை அதற்கு மேலாக வெளியே விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தோல் செருப்பு வேண்டாம்; இந்த உப்பு தோலின் ஈரத்தை உறிஞ்சி விறைக்கவைத்துவிடும். ரப்பர் பூட்ஸ் நல்லது.

தரையில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர் போல அது காய்ந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்த இடம் நாள் முழுக்க எண்ணெய் சிந்தியது போல வழுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆலையில் ஆட்கள் வழுக்கி விழுவதற்கு ஐஸைவிட இதுதான் பெரிய காரணம்.


பாலக்கோடு தோட்டம் (கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூட்டையைப் பார்த்தேன், 94 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள் உள்ளன. ஆகவே நீரற்ற வகைதான் என்று புரிந்துகொண்டேன். யூரியா பற்றிய விளக்கத்தைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்களிடம் இருப்பது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக எடை போடுவது சிரமம் என்பதால், ஒரு வாளியில் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு டேங்குக்கு ஒரு குவளை ஊற்றலாமா? மற்றொன்று, இதனுடன் மெக்னீசியம் சல்பேட்டையும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தையும் சேர்த்து ஒரே தெளிப்பாக முடித்துவிட்டால் ஆள்கூலி மிச்சமாகும், அப்படிக் கலக்கலாமா?


பதில் 3: தோட்டக்கலைப் பட்டதாரி

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில் தயக்கத்துக்கே இடமில்லை. கலக்கக் கூடாது. மெக்னீசியம் சல்பேட்டில் உள்ள சல்பேட், கால்சியத்தைக் கண்டதும் அதனோடு சேர்ந்து ஜிப்சமாக மாறும். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் கரையும்; மீதி வெண்மணலாக அடியில் தங்கும். 19:19:19 உரத்தில் உள்ள பாஸ்பேட்டோ இதைவிடவும் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகக் கீழே இறங்கிவிடும். வடிகட்டியும் நாசிலும் அடைத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. நாசில் அடைத்ததும் அதைக் கழற்றி வாயால் ஊதிச் சரிசெய்யும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்றும் இருப்பதால், இந்தக் கலவை ஆளுக்கும் ஆபத்தாகிறது. பூச்சிமருந்தையும் இதனுடன் கலக்காமல், கால்சியத்தைத் தனித் தெளிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கவனம் வேண்டும். பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் இந்த உப்பைப் போட்டால் பால் போலக் கலங்கக்கூடும். ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரை எடுத்து, தெளிக்கும் விகிதத்திலேயே உப்பைக் கரைத்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். லேசான கலங்கல் பரவாயில்லை. வணிகத் தர உப்பில் சிறிதளவு சுண்ணாம்பு இருப்பதாலும் அப்படி ஆகும். அடியில் படிவு தங்கினால் மட்டும் மழைநீரையோ வேறு நல்ல நீரையோ பயன்படுத்த வேண்டும்.

இப்போது கெட்டிக் கரைசல் பற்றி. என் கருத்தில், தெளிப்பு வேலைக்குக் கெட்டிக் கரைசலே தேவையில்லை. உங்கள் தோட்டத்தில் நடந்த விபரீதத்துக்கு மூலமே அந்த எண்ணம்தான். தக்காளிக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம். அதை டைஹைட்ரேட் சீவலுக்கான அளவாக எடுத்துக்கொள்வதே பயிருக்குப் பாதுகாப்பு. அதே கால்சியம் உங்களுடைய 94 சதவீத உருண்டையில் லிட்டருக்கு 4 கிராமிலேயே கிடைத்துவிடுகிறது. 16 லிட்டர் டேங்குக்கு 64 கிராம். இந்த 64 கிராமை ஐந்து லிட்டர் தண்ணீருள்ள வாளியில் தூவிக் கரைத்தால், ஆசிரியர் ஐயா தந்த கணக்குப்படி, வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் உயராது. கையால் தொட்டாலும் வேறுபாடு தெரியாது. பிறகு அதை வடிகட்டி வழியே டேங்கில் ஊற்றி, மீதித் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளலாம். எவ்வளவு நீரில் எவ்வளவு உப்பு என்ற விகிதத்தை இப்படிக் குறைத்துவிட்டால் கொதிப்பு, தெறிப்பு, வாளி இளகுவது என்ற எதுவுமே எழாது.

எடை போடும் சிரமத்துக்கு வேறு வழி உண்டு. ஈரமில்லாத காலை நேரம் ஒன்றில், வீட்டுக்குள் உட்கார்ந்து, 64 கிராம் வீதம் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு டேங்குக்கு ஓர் உறை என்று பிரித்து, வாளித் தண்ணீரில் தூவினால் போதும்; வேலைக்கு வருகிறவர் உப்பை அள்ளவே வேண்டியதில்லை. டப்பாவின் மேல் பெயரை மையால் பெரிதாக எழுதிவிடுங்கள். சீனி, உப்பு வைக்கும் அலமாரிப் பக்கமே அது போகக் கூடாது.

டிரம்மில்தான் செய்வேன் என்றால், 200 லிட்டருக்கு 800 கிராம் ஆகும். தூத்துக்குடி நண்பர் சொன்ன கூடை முறை அதற்கு மிகப் பொருத்தமானது. கூடை இல்லாவிட்டால், டிரம்மை முக்கால் பாகம் நிரப்பிவிட்டு, பத்து லிட்டர் வாளியில் சிறிது சிறிதாகக் கரைத்ததை ஊற்றி, நன்றாகக் கலக்குங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, மாலையிலோ தெளியுங்கள். நண்பகலில் இலைமேல் விழும் துளி வேகமாக வற்றி, உப்பு செறிந்து, இலையோரம் கருகும். தெளிப்பு இலைக்கு அல்ல, இளங்காய்க்குப் பட வேண்டும் என்பதைத் தெளிக்கிறவரிடம் சொல்லுங்கள். கால்சியம் இலையில் விழுந்தால் இலையிலேயே தங்கிவிடும். அங்கிருந்து காய்க்குப் போவது மிக மிக அரிது. வேலை முடிந்ததும் ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் ஊற்றி நாசில் வழியாகவே ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பித்தளைப் பாகங்களையும் இரும்பு ஸ்பிரிங்குகளையும் குளோரைடு அரித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தக் காய் முனைக் கருகலுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாதது அன்று. நீர் பாய்ச்சுவதில் உள்ள ஏற்ற இறக்கம். கால்சியம் வேரிலிருந்து நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறுகிறது. நீராவிப்போக்கு அதிகமுள்ள இலைகள் அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, காய்க்குப் போய்ச் சேருவது கொஞ்சம். சில நாள் காயவிட்டு, பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சும்போது அந்தக் கொஞ்சமும் தடைப்படுகிறது. சொட்டுநீரைத் தினமும் சீராக விட்டு, அம்மோனியம் வடிவத் தழைச்சத்தைக் குறைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். தெளிப்பு அதற்குத் துணை மட்டுமே. கருகிய காய் எதைத் தெளித்தாலும் மீளாது, கிள்ளி எறிந்துவிடுங்கள். கால்சியம் குளோரைடைக் கையாளத் தயக்கம் தொடர்ந்தால், சொட்டுநீரில் விடக்கூடிய கால்சியம் நைட்ரேட் உரம் இருக்கிறது. அது கரையும்போது தண்ணீர் குளிரும், சுடாது. ஆனால் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் கலக்கக் கூடாது என்ற விதி அதற்கும் உண்டு.


பதில் 4: ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்

கரைக்கும் முறையைப் பெரியவர்கள் நன்கு விளக்கிவிட்டார்கள். மேலே பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை மட்டும் நான் எழுதுகிறேன்.

இந்த உப்பில் மிகவும் அஞ்ச வேண்டியது கண்ணைத்தான். உலர்ந்த ஒரு துணுக்கு கண்ணில் விழுந்தால், அங்குள்ள ஈரத்தில் கரைந்து சூடாகி, விழிப்படலத்தைப் புண்ணாக்கும். கசக்கக் கூடாது. உடனே இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடும் நல்ல தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கழுவி முடித்தபின், எரிச்சல் குறைந்ததாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்தால் மற்றக் கண்ணுக்குள் அந்த நீர் போகாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது போன்ற வழக்கங்களால் நேரம்தான் வீணாகும். தோட்டத்தில் குழாய் இல்லாத இடத்தில் கரைப்பதாக இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே மூடியுள்ள ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சொம்பும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணைப் பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி விலை அதிகமில்லை. கரைக்கிற ஒருவருக்காவது அது கட்டாயம் இருக்கட்டும்.

தோலில் உலர்ந்த உப்பு சிந்தினால், முதலில் காய்ந்த துணியால் தட்டி உதறிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் அங்கேயே கரைந்து சுடும். உப்புப் பட்ட சட்டையை மாற்றிவிட வேண்டும். சூடான கரைசல் பட்டுக் கொப்புளம் வந்தால் அதைத் தீக்காயமாகவே எண்ணி, குளிர்ந்த நீரை ஓடவிட்டு, எதையும் பூசாமல் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும்.

குழந்தைகள் யாரேனும் இந்த உருண்டைகளைக் கற்கண்டு என்று எண்ணி வாயில் போட்டுக்கொண்டால், வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து, விழுங்க முடிந்தால் சிறிது தண்ணீர் கொடுத்து, 108-ஐ அழைத்துவிடுங்கள். மூட்டையின் மேலுறையில் பெயர் அச்சிட்ட பகுதியைக் கையோடு கொண்டுவந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.


பாலக்கோடு தோட்டம் (கேட்டவர்)

எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். டேங்குக்கு ஓர் உறை என்ற முறையையே பின்பற்றப் போகிறேன். கலவைத் தெளிப்பு எண்ணத்தையும் கைவிட்டுவிட்டேன். ஏற்கெனவே பிரித்த மூட்டையின் மேற்பகுதி ஈரம் கோத்துக் கட்டியாகத் தொடங்கியிருக்கிறது. அதை உடைத்துப் பயன்படுத்தலாமா?


பதில் 5: வேதியியல் ஆசிரியர்

உடைக்க வேண்டாம், ஐயா. சுத்தியலால் அடித்தால் சில்லுகள் கண்ணுக்குத் தெறிக்கும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடக்கூடிய உப்பு. பிரித்த மூட்டையைக் கட்டாமல் விட்டால் மழைக்காலத்தில் அடியில் குழம்பாகத் தேங்கி நிற்கும். கட்டியான பகுதி எவ்வளவு ஈரத்தை எடுத்துக்கொண்டது என்று தெரியாததால், அதை 64 கிராம் நிறுத்தாலும் அதற்குள் உள்ள உப்பு குறைவாகவே இருக்கும். பயிருக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அளவு சரியாக வராது. மேலே உள்ள கட்டியைத் தனியே எடுத்துவிட்டு, கீழே உதிரியாக இருப்பதை இன்றே மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிவிடுங்கள்.

எடுத்த கட்டியை வீணாக்க வேண்டியதில்லை. துளையுள்ள கூடையில் வைத்து, நிறையத் தண்ணீருள்ள டிரம்மின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் தானாகவே கரைந்து இறங்கும். ஈரம் ஏறிய கட்டி என்பதால் சூடும் முன்போல் வராது. தோட்டப் பாதையில் புழுதி அதிகமாக இருந்தால் அந்தக் கரைசலை அங்கே தெளிக்கலாம். மண்சாலைகளில் புழுதி அடக்க இந்த உப்பைப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பயிரின் வேர்ப்பகுதியிலும், கிணற்றுக்கு அருகிலும் மட்டும் ஊற்ற வேண்டாம். குளோரைடு மண்ணில் சேர்ந்தால் நிலம் உவர்ப்பாகும்.